குலவை போட்ட பிள்ளை

நாகவல்லி அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று ஊர் சொன்ன இடங்கள் நிறைய உண்டு.

கண்டரமாணிக்கத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய கிராமம். நூறு நாள் வேலைக்குப் போவார், ஏழெட்டு ஆடு வைத்திருக்கிறார். கணவர் கோயம்புத்தூரில் கட்டட வேலை. சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேருந்து மாறி, மகன் கதிரவனைக் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் நாங்கள் நடத்தும் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு வருவார். கதிரவனுக்கு ஐந்து வயது. காது நன்றாகக் கேட்கும். ஆனால் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேச்சு ஒன்றும் வரவில்லை.

ஒருமுறை பேருந்தில் அவன் கத்தியபோது நடத்துனர் கேட்டாராம்: "என்னம்மா, ஊமைப் புள்ளையா?"

"டிக்கெட்டு கேட்டது நானு. என்கிட்டப் பேசுங்க. அவன் உங்ககிட்ட என்ன பேசணும்கிறீக?"

இதை என்னிடம் சொல்லும்போதும் அக்காவுக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை.

என் பெயர் அருண் ஜோசப். ஒக்கூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். எங்கள் ஊரில் பேச்சுப் பயிற்சிப் படிப்பைப் படித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் எந்தப் பட்டமும் வாங்கிய முதல் ஆளும் நான்தான். பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுத்தான் கையெழுத்திடுவேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

பிள்ளைகளுக்குப் பண்டிகையை வைத்துப் பயிற்சி கொடுப்பது என் வழக்கம். பண்டிகை என்றால் எதிர்பார்ப்பு. எதிர்பார்க்கிற பிள்ளை வாயைத் திறக்கும். முதல் ஆண்டு அதற்காக இணையத்திலிருந்து படங்களை எடுத்து லேமினேட் செய்து அடுக்கி வைத்தேன். டிசம்பர் மாதம் அதில் பனி மனிதன் படத்தைக் கதிரவன் முன்னால் நீட்டியபோது அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது என்ன சார், மூக்கு வச்ச உப்பு மூட்டையா?"

அன்றோடு அந்த அட்டைகள் பீரோவுக்குள் போயின. எங்கள் தெருப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற வைக்கோலும் மண்பொம்மைகளும் மேசைக்கு வந்தன. ஆட்டுக்குட்டிப் பொம்மையை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தால் பிள்ளைகள் தேடின. கதிரவன் மட்டும் வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்கினான்.

இந்த ஆண்டு தைப் பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை உண்மையான பானை, உண்மையான அடுப்பு. பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்துப் பாலைக் காய்ச்சினோம். பால் ஏறுகிற அந்த ஒரு நிமிடம் அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பொங்கியது. தாய்மார்கள் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தினார்கள். கையோடு நாலைந்து பேர் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். ஒரு மூலையில் பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கதிரவன் சக்கரத்தை விட்டான். எழுந்து வந்து தன் அம்மாவின் வாயையே பார்த்தான். பெயரைச் சொல்லி நூறு முறை கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை.

அடுத்த வாரம் அவனே குலவை போட்டான். நீளமாக, பிசிறில்லாமல்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். நாக்கு அசைகிறது, அதிலிருந்து 'லா' என்ற ஒலியைப் பிரித்தெடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவன் குலவை போட்டால் கண்டுகொள்ளாமல், 'லா சொல்லு, பந்து தர்றேன்' என்று கையில் பந்தோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரத்தில் அவன் குலவையையும் நிறுத்திவிட்டான்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "ஏன் சார், வர்ற சத்தத்த நிறுத்திப்புட்டு வராத சத்தத்தக் கேக்குறீக? படிச்சவுக இப்படித்தான் செய்வீகளா?"

பந்தைக் கீழே வைத்துவிட்டு நானே குலவை போட்டுப் பார்த்தேன். வந்தது, ஆடு விரட்டுகிற சத்தம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கதிரவன் என் வாயைப் பார்த்தான். பிறகு, எப்படிப் போட வேண்டும் என்று காட்டுகிறவன் போல ஒன்று போட்டான். நான் பதிலுக்குப் போட்டேன். மறுபடி அவன். அரை மணி நேரம் இப்படியே போனது. ஒருவர் சொல்ல, இன்னொருவர் பதில் சொல்ல, பிறகு காத்திருக்க: பேச்சின் அடித்தளம் இதுதான். சொல் அதன்மேல் பிறகு வரும். வராமலும் போகலாம். இதையும் அக்காவிடம் சொன்னேன்.

"வர்றப்ப வரட்டும். இது போயிறக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றார்.

போய்விடப் பார்த்தது. மாசி மாதம் ஒருநாள் வீட்டு வாசலில் அவன் குலவை போட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா செம்மலை வந்திருக்கிறார். அக்காவின் கணவருக்கு அண்ணன். ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கும் ஆள். எங்கள் பக்கம் குலவை பெண்கள் போடுவது. ஆண்கள் போடுவதில்லை.

"ஊமைன்னு சொன்னாக்கூட ஒத்துக்கலாம். ஆம்பளப் புள்ள குலவை போடுதுன்னு ஊர்ல சிரிக்கிறாய்ங்க" என்று சொல்லிப் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தியிருக்கிறார். ஒன்பது நாள் கதிரவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பசித்தால்கூட அழவில்லை. பத்தாம் நாள் கிணற்றடியில் அக்கா போட்டதற்கு மெதுவாக ஒன்று போட்டிருக்கிறான்.

கணவர் போனில், அண்ணன் சொல்வதைக் கேள் என்றார். "அப்ப உங்க அண்ணனையே சனிக்கிழமை இவனத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போகச் சொல்லுங்க" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

பங்குனியில் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். சட்டிகளில் முளைக்க வைத்த தானியப் பயிரைச் சுற்றி ஏழு நாள் முளைப்பாரிக் கும்மி, பாட்டுக்குப் பாட்டு குலவை. இதைவிடப் பெரிய பண்டிகைப் பயிற்சியை நான் எந்த அறையில் நடத்திவிட முடியும்? ஆனால் செம்மலை பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: அந்தப் பிள்ளை கும்மி வட்டத்துக்குள் வரக்கூடாது. ஆறு நாள் அக்கா அவனோடு வீட்டிலேயே இருந்தார். ஏழாம் நாள் காலை எனக்குப் போன் வந்தது.

"சார், இன்னைக்கு சாயங்காலம் பாரி தூக்குறாக. நான் அவனக் கூட்டிக்கிட்டுப் போகப்போறேன். நீக வாரீகளா?"

"பெரியப்பா மறுபடி வாயப் பொத்துனா?"

"அதுக்குத்தான் போறேன். வீட்டுக்குள்ள வச்சிருந்தா நானே பொத்துன மாதிரிதானே?"

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

மூன்றரை மணி வெயில். நடுவில் முளைப்பாரிகள், சுற்றிலும் முப்பது நாற்பது பெண்கள். நான் பள்ளிக்கூடச் சுவர் ஓரம் நின்றேன். அக்கா கதிரவனின் கையைப் பிடித்து நேராக வட்டத்துக்குள் நுழைந்தார். ஒருத்தி நகர்ந்தாள், இன்னொருத்தி முகத்தைத் திருப்பினாள். பாட்டு நிற்கவில்லை. முதல் சுற்று முடிந்ததும் எல்லோரும் குலவை போட்டு ஓய்ந்தார்கள். அதற்குப் பிறகு, தனியாக, கதிரவன் போட்டான்.

கோயில் பக்கம் நின்ற இளவட்டங்கள் விசிலடித்தார்கள். "ஏலே, மாப்பிள்ளைக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்கடா!"

செம்மலை மேளக்காரர்களைத் தாண்டி வேகமாக வந்தார். "அந்த வேதக்காரப் பய குடுத்த யோசனையா இது? தூக்கு புள்ளைய!" கிறிஸ்தவனான என்னைத்தான் சொன்னார். கை கதிரவனின் வாய்க்கு நீண்டது.

அக்கா அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தார்.

கணவரின் அண்ணன் எதிரே வந்தால் பெண்கள் ஒதுங்கி நிற்கிற ஊர் அது. அவர் கையை, அம்மன் வாசலில், ஊர் பார்க்க ஒரு பெண் பிடித்தார். மேளம் நின்றது.

"கைய எடுங்க அத்தான்."

"என்னடி, ஊர் நடுவுல என் கையப் பிடிக்கிற?"

"ஆமா, பிடிக்கிறேன். ஒன்பது நாளு இவன் வாயத் திறக்கல. உங்க வீட்டுல யாரும் வந்து ஏன்னு கேட்டீகளா? இவன் சத்தம் எனக்கு வேணும். அது எப்படி வந்தாலும் வேணும். சிரிக்கிறவுக சிரிச்சுட்டுப் போகட்டும்."

செம்மலை கையை உதறிக்கொண்டார். கதிரவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். மாசியில் நடந்தது மறுபடியும் நடந்துவிட்டது என்றே நினைத்தேன். அக்கா அவனைக் கெஞ்சவில்லை, 'போடுடா' என்று சொல்லவில்லை. நின்றார். பிள்ளைக்கு நேரம் கொடு, மனதுக்குள் பத்து எண்ணு என்று தாய்மார்களிடம் சொல்வது நான்தான். நான் ஆறுக்குமேல் எண்ண முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கதிரவன் நகர்ந்தான். அம்மாவிடம் போகவில்லை. பெரியம்மாவிடம், செம்மலையின் மனைவியிடம் போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தான். அவர் குனிந்ததும், சத்தமில்லாமல் வாயைத் திறந்து நாக்கை அசைத்துக் காட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். நீ போடு என்கிறான். தன் அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் எதையும் கேட்காத பிள்ளை ஒருவரைத் தேடிப்போய்க் கேட்கிறான்.

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"கேக்குறானே, நான் என்ன செய்ய?" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுக் குலவை போட்டார். கதிரவன் பதில் போட்டான். பிறகு பக்கத்துப் பெண், அவளுக்குப் பக்கத்தவள். இரண்டு மூன்று பேர் போடவில்லை, கடைசிவரை போடவில்லை.

செம்மலை செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "இனிமே என் வாசப்படி மிதிக்காத."

"சரி அத்தான்" என்றார் அக்கா. குரலில் வருத்தமும் இல்லை, வெற்றியும் இல்லை. "பாரியத் தூக்குங்கக்கா, வெயில் இறங்குது. ஊருணி வரைக்கும் போய்க் கரைக்கணும்ல."

முளைப்பாரியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். ஒரு கை பாரியைப் பிடித்திருக்க, மறுகையைக் கதிரவன் பிடித்திருந்தான். மேளம் மறுபடி தொடங்குமுன் அவன் தொடங்கிவிட்டான்.