வெர்னியரில் அளந்த மிட்டாய்

இன்று அலுவலகத்தில் ஒருவர் பிறந்தநாளுக்குக் கொடுத்த சாக்லேட் கேரமல் மிட்டாயின் உறையைத் திருப்பிப் படித்தேன். கலோரி, கொழுப்பு, மாவுச்சத்து, சர்க்கரை. இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது.

எட்டு வயதில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் இன்சுலின் ஊசி. இனி மிட்டாயே கிடையாதா என்று அழுதேன். பாதி மிட்டாய் தரலாம் என்றார் டாக்டர்.

பீளமேட்டில் பம்பு பட்டறையில் லேத் ஓட்டிய அப்பா, அன்று மாலை கையில் ஆயில் வாசனையோடு ஒரு கேரமல் மிட்டாயை மேசையில் வைத்தார். முதலில் உறையைப் படித்தார். பிறகு பட்டறையில் நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலால் நீளத்தை அளந்தார். கடைசியாக, நடுவில் பிளேடை வைத்தார்.

“ஏனுங்க, அது முட்டாயிங்க. பம்பு ஷாஃப்ட் இல்லீங்க!” என்று அம்மா சிரித்தார்.

“ஊசி அளவாப் போடறப்ப முட்டாயும் அளவா இருக்கோணுமல்லோ?” என்ற அப்பா, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். “நீ சாப்புடு, அம்மணி.”

பல்லில் ஒட்டி இழுபட்டு, மெல்லக் கரைந்தது. மீதியை அப்பா சாப்பிட்டார். அதன் பிறகு, எனக்கு மிட்டாய் கிடைத்த நாளெல்லாம் அப்படித்தான்.

இன்று உறையைப் படித்ததை அம்மாவிடம் போனில் சொன்னபோது, அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

“உனக்குச் சொன்னதில்ல கண்ணு. அன்னைல இருந்து கல்யாணப் பந்தியில வெக்கற ஜாங்கிரியக்கூட உங்கப்பா தொடறதில்ல. உன்றகூட உக்காந்து தின்ன முட்டாய் மட்டுந்தான்.”