ராட்சதனுக்குப் போர்த்திய பொன்னாடை

நான் இருக்கும் யப்பானியச் சிற்றூரில் மாலை ஐந்து மணியானால் தெருக்கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகள் ஒரு குழந்தைப் பாட்டை இசைக்கும். பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தி வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் பொருள். வந்த புதிதில் அதை முதல்முறை கேட்டபோது கையிலிருந்த முட்டைப் பெட்டியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் குந்திவிட்டேன். எங்கள் ஊரில் திருவிழா இல்லாத நாளில் ஒலிபெருக்கி பேசினால் ஒன்றில் செத்தவீடு, இல்லையென்றால் ஊரடங்கு. பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து, உடைந்த முட்டைகளுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் ஏன் கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் ஒரு பயந்தாங்கொள்ளி என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் பயங்களில் மூத்தது ஒரு யப்பானிய ராட்சதன். எங்கள் ஊரான இணுவிலில் மின்சாரம் இல்லாத காலம். அயல் வீட்டில் ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, வீடியோ டெக்கில் ஒரு யப்பானியப் படம் போட்டார்கள். கடலுக்குள்ளிருந்து பனைமர உயரத்தில் ஒன்று எழுந்து வந்து நகரத்தை மிதித்தது. எனக்கு ஏழு வயது. அது காங்கேசன்துறையில் கரையேறினால் காங்கேசன்துறை வீதியால் நேரே இணுவிலுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணை பொறுக்கமாட்டாமல் அந்த வீட்டுக்காரரைக் கெஞ்சி, மறுபடி படத்தைப் போட்டு, ராட்சதன் திரும்பும் இடத்தில் நிறுத்தினார்.

“வடிவாப் பார். முதுகிலை தையல் தெரியுது. உள்ளுக்கை ஒரு மனிசன் நிக்கிறான்.”

“மனிசனோ?”

“ஓம். பாவம், அவருக்கு எவ்வளவு வேர்க்கும்!”

அன்றிலிருந்து பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கந்தசுவாமி கோயிலில் அந்த மனிதருக்கு வேர்க்கக்கூடாது என்று வேண்டத் தொடங்கினேன். பிறகு குண்டுபோட விமானங்கள் வந்தபோது, அதற்குள்ளும் ஒரு மனிதன்தானே இருக்கிறான் என்று என்னைத் தேற்றிப் பார்த்தேன். அது சரிவரவில்லை.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு, நான் இருக்கும் இந்தச் சிற்றூரின் பொது மண்டபத்து வாசலில் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். அந்த ராட்சத உடைக்குள் நின்று நடித்தவர், எண்பது கடந்தவர், ரசிகர்களைச் சந்திக்க வருகிறாராம். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“வெறுங்கையோடை போகாதை. நான் சூட்கேசுக்கை வச்சுவிட்ட பொன்னாடை கிடக்குத்தானே? அதைப் போத்திவிடு” என்றார்.

எங்களுக்கு அது இயல்பு. பாடசாலை விழாவானாலும் நூல் வெளியீடானாலும், வந்த பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் விட்டால் விழாவே நிறைவேறாது. போர்த்தட்டுமா என்று யாரும் அவரிடம் கேட்பதும் இல்லை. ஆனால் நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஒரு முதியவரைத் தொடுமுன் “இப்போது தோளைத் தொடுகிறேன்” என்று சொல்லவேண்டும் என்பதுதான் அங்கே எனக்குக் கற்றுத்தந்த முதற்பாடம். தினமும் நூறு தடவை சொல்கிறேன். அன்றைக்கு மட்டும் மறந்துபோனேன்.

நல்ல கோடை. மண்டபத்தில் எல்லோரும் சத்தமில்லாமல் வரிசையில் நின்று, ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிக் குனிந்துவிட்டுப் போனார்கள். மேசைக்குப் பின்னால் சின்ன உருவம். என் தோள் உயரம்கூட வரமாட்டார். இவரா நகரங்களை மிதித்தவர் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் முறை வந்ததும் மேசையைச் சுற்றிப் போய், ஊரில் செய்வதுபோலவே பொன்னாடையை விரித்துப் பின்னாலிருந்து போர்த்தினேன்.

அவர் விறைத்துப்போனார். இரண்டு கைகளும் கழுத்துக்குப் போயின. வாய் திறந்திருந்தது, மூச்சைக் காணவில்லை. ஏற்பாட்டாளரான பெண் ஓடிவந்து என் காதில் சொன்னாள்: அந்த உடைக்குள் அவர் பலமுறை மயங்கி விழுந்திருக்கிறார். பின்னால் நின்று யாராவது திறந்துவிட்டால்தான் வெளியே வரலாம். இன்றும் தோளில் ஒரு கம்பளி பட்டாலே அவருக்கு மூச்சு முட்டும்.

யாருக்கு வேர்க்கக்கூடாது என்று கும்பிட்டேனோ, அவரை நானே கொல்லப் பார்த்தேன். “சுமிமாசென், சுமிமாசென்” என்று திரும்பத் திரும்பக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். பொன்னாடையை இழுத்தெடுக்கக் கை நீட்டினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். மெல்லக் குனிந்து சரிகைக் கரையைத் தடவினார்.

“இதைத் திறக்கும் ஜிப் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

“இல்லை. ஜிப் இல்லை.”

“அப்படியானால் நானே கழற்றலாமா?”

“நீங்களேதான்.”

கழற்றினார். மடியில் வைத்துப் பார்த்தார். தானே எடுத்துப் போர்த்திக்கொண்டார். மறுபடி கழற்றினார். மூன்றாம் முறை போர்த்தியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டைஜோபு, டைஜோபு” என்றார், ஒன்றுமில்லை என்று. அப்போதுதான் என் மூச்சும் திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கோயிலில் நான் வேண்டியதை எனக்குத் தெரிந்த யப்பானிய மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. கடைசி ரசிகர் போகும்வரை, எங்கள் பாடசாலை விழாவுக்கு வந்த பிரதம விருந்தினரைப் போலப் பொன்னாடையோடுதான் இருந்தார்.

விடைபெறும்போது மனம் பஞ்சாகியிருந்தது. என்னை அறியாமலே கைகள் குவிந்தன, இடுப்பும் வளைந்தது. அதைப் பார்த்த ஏற்பாட்டாளர் பெண் ஆவலாகக் கேட்டாள்: “உங்கள் நாட்டில் இப்படித்தான் வணங்குவார்களா?”

ஓம் என்று தலையாட்டினேன். போன வருடம் இணுவிலுக்குப் போனபோது, கோயில் வாசலில் நான் இதேபோலக் கும்பிட்டதைப் பார்த்து, “அங்கை யப்பானிலை இப்பிடித்தானோ கும்பிடுறவை?” என்று அண்ணை கேட்டார். அவருக்கும் ஓம் என்றுதான் சொன்னேன்.