சேவலுக்கும் எனக்கும் ஒரே கத்தி

எனக்குப் பத்து வயது நடந்தபோது என் தொண்டை எங்கள் லயத்து வரிசைவீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. மாதம் தவறாமல் காய்ச்சல் வரும், எச்சில் விழுங்க முடியாது. தோட்டத்து மருந்துக்காரர் மாத்திரை கொடுத்துக் கொடுத்துக் களைத்துப்போய், நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே டொக்டர் என்னை ஆவென்று வாய் திறக்கச் சொல்லி, டோர்ச் அடித்து ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, டொன்சிலை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

செய்தி எங்களுக்கு முன்பே லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மலையில் கொழுந்தெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கூடையைக்கூட இறக்காமல் எங்கள் வாசலில் நின்று, "ஆ காட்டு புள்ள" என்றார்கள். நானும் காட்டினேன். உள்ளே எதையோ கண்டதுபோல எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டு, ஒன்றும் செய்யாது, முடிந்ததும் ஐஸ்கிரீம் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதே ஐஸ்கிரீமைத் திருவிழாவில் கேட்டதற்கு, தொண்டை கெட்டுவிடும் என்று அம்மா என் தொடையில் கிள்ளியிருக்கிறாள். தொண்டையைக் கெடுப்பதும் அதுதான், தொண்டைக்கு மருந்தும் அதுதான் என்றால் பெரியவர்களை எப்படி நம்புவது?

தைரியம் சொல்வதில் கெட்டிக்காரர் என் தாய்மாமா. தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தார். ஆபரேஷன் முடியும்வரை வாய் மூடாமல் இருக்க உள்ளே ஒரு ஜாக் வைப்பார்கள் என்ற தகவலை அவர்தான் கொண்டுவந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு உடனே ஆறுதலும் சொன்னார்.

"பயப்படாத. லொறிக்கு வைக்கிற ஜாக்கவிட சின்னதுதான்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கொட்டாவி விட்டால்கூட எனக்கு ஜாக் ஞாபகம்தான் வந்தது.

அம்மா ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. அவளுக்கு எது என்றாலும் சாமியிடம் நேரடியாகப் பேசித்தான் பழக்கம். அப்பா வேலை பார்த்த, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில், உள்ளே சுற்றுகிற ரோதைச் சக்கரங்களையும் அவற்றின் நடுவே வேலை செய்கிறவர்களையும் காப்பதற்காக ரோதமுனி இருந்தார். ஒரு சூலம், கறுப்புப் பூசிய ஒரு கல், அவ்வளவுதான். ஆனால் கோபக்காரச் சாமி. அவரிடம் சொன்ன சொல் தவறியவர்களுக்குக் கை போனது, கால் போனது என்று லயத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். கூடவே எங்கள் செஞ்சேவலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அதன் காலில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, பக்கத்து வீட்டாரோடு பேசுகிற அதே குரலில் சாமியிடம் சொன்னாள்.

"புள்ள நல்லபடியா வீடு வந்து சேந்தா, அடுத்த வெள்ளி இந்தச் சேவல ஒனக்கு அறுக்குறேன் சாமி."

சேவல் என்னைப் பார்த்தது. நான் சேவலைப் பார்த்தேன். எனக்குச் செவ்வாய், அதற்கு வெள்ளி. இரண்டு பேருக்கும் கத்தி தொண்டையில்தான்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதன் கூடையருகிலேயே உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் கிடைத்த ஆறுதல்களை எல்லாம் ஒன்று விடாமல் அதற்குச் சொன்னேன். ஒன்றும் செய்யாது. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் நாக்கு நின்றுவிட்டது. அதற்கு யார் மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள்? அப்பாவின் கத்திக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லை. ரொட்டியைப் பிட்டுப் போட்டுப் பேச்சை மாற்றினேன்.

வெட்கத்தைவிட்டு ஒன்று சொல்கிறேன். சேவலுக்குத் தைரியம் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் குறைந்தது. நம்மைவிட மோசமாக மாட்டிக்கொண்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால் மனது தேறிவிடுகிறது. நல்ல குணம் இல்லைதான், ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது.

ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொன்று மண்டையில் உறைத்தது. நான் நல்லபடியாகத் திரும்பினால் சேவல் சாகும். நான் திரும்பாவிட்டால் சேவல் பிழைக்கும். அப்படியானால் இந்த உலகத்தில் நான் திரும்பி வரக் கூடாது என்று நினைக்க நியாயம் உள்ள ஒரே உயிர், என் கையிலிருந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு, நான் வந்து உன்னைக் காப்பாற்றுகிறேன், என்னைச் சபிக்காதே என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அது என் விரலைக் கொத்தியது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜாக் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே தள்ளுகட்டிலில் போனேன். "பயவெண்ட எபா துவே" என்று ஒரு நர்ஸ் கன்னத்தைத் தட்டினார். பயப்படாதே மகளே என்பது எனக்குப் புரிந்தது. ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்கள். தமிழில் எண்ணுவதா சிங்களத்தில் எண்ணுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்து, வாட்டில் கண் விழித்தேன். தொண்டையில் கொள்ளிக்கட்டையைச் செருகி வைத்ததுபோல இருந்தது. ஐஸ்கிரீமும் வந்தது. பாதி கன்னத்தில் வழிந்தது, மீதி எந்த ருசியும் இல்லாமல் இறங்கியது. ஆனாலும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது டொக்டர் அம்மாவிடம் நிறையச் சொன்னார். குளிர்ந்த கஞ்சி கொடுக்க வேண்டும், சில நாளைக்குப் பேசவிடக் கூடாது, முக்கியமாகக் கத்தி அழவிடக் கூடாது, புண் பிய்ந்து இரத்தம் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இதில் அம்மாவின் காதில் ஏறியது ஒன்றுதான். புள்ளையை அழவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நான் மகாராணியாகிவிட்டேன். தம்பி தன் கலர் பென்சில் பெட்டியைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தான். சிரித்தாலும் வலிக்கும் என்பதால் மாமா வாசலோடு நின்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே அப்பா பின்பக்கக் கல்லில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தாள்.

என்னால் பேச முடியாது. கொப்பியைக் கிழித்து, சேவலை வெட்ட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதி அம்மாவிடம் நீட்டினேன். அவள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுச் சிரித்தாள். சாமிக்குச் சொன்னதை மாற்ற முடியாது, அதுவும் இந்தச் சாமிக்கு, என்றாள். கூடையிலிருந்து சேவலை எடுத்து அதன் கால்களைச் சேர்த்துக் கட்டினாள். அது கத்தவில்லை. என் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. என் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். சேவலைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து என் வாயருகில் கை வைத்தாள்.

"அழாத புள்ள. அழக்கூடாதுனு டொக்டர் சொன்னாருல்ல. அழாத."

முதல் சொட்டு உண்மையான சொட்டு. இரண்டாவது சொட்டிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உதட்டைப் பிதுக்கினேன். மூக்கை உறிஞ்சினேன். பெரிதாக அழப்போகிறவள்போல நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, அப்படியே நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. ஒரு தடவை என் தொண்டையைப் பார்த்தாள். ஒரு தடவை மேட்டில் தெரிந்த ஸ்டோரின் பக்கம் பார்த்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அதோட கால அவுத்து விடுங்க."

"முனிக்கு என்னா பதில் சொல்றது?" என்றார் அப்பா.

"அத நான் சொல்லிக்கிறேன்."

தேங்காயும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு அம்மா தனியாக மேட்டில் ஏறிப் போனாள். திரும்பிவர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெற்றிக் களிப்பில் இருந்தேன். ஆறிய பொங்கலை விரல் நுனியில் தொட்டு நக்கிக்கொண்டே, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஓர் உயிரைக் காப்பாற்றியவள் இந்தத் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சேவலுக்கு நன்றி என்பது கொஞ்சமும் இல்லை. காலில் மஞ்சள் துணியோடு லயம் முழுக்க ராஜநடை நடந்தது. கங்காணியைத் துரத்தியது, என்னையும் கொத்தியது. நான்கு மாதம் கழித்து மரநாய் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அன்று வயிறு வலிக்கும்வரை கத்தி அழுதேன். தொண்டை நன்றாக ஆறியிருந்ததால் யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அந்த வருடத் தீபாவளியிலிருந்து எங்கள் வீட்டில் அம்மா கோழிக்கறி சாப்பிடுவதில்லை. எங்களுக்குச் சமைத்துப் போடுவாள். தனக்குப் பருப்பை ஊற்றிக்கொள்வாள். கேட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். அவள் பங்குத் தொடை எனக்கு வந்தது. நான் ஏன் என்று மேலும் கேட்கவில்லை. தொடைக்கறி வருகிறபோது யார் காரணம் கேட்பார்கள்?

எனக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வந்த அன்றுதான் அது தெரிந்தது. சம்பந்தியம்மா அம்மாவின் இலையில் கோழி வைக்கப் போனார். அப்பா சாதாரணமாகத் தடுத்தார். சேவலுக்குப் பதிலாக, உயிருள்ளவரை கோழி தொடமாட்டேன் என்று இவள் ரோதமுனிக்குச் சொல்லிவிட்டாள் என்றார். அம்மா, இதையெல்லாம் போய் இங்கே பேசிக்கொண்டு என்று அவரை அதட்டினாள்.

அதுவரை என் நாக்கைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை இருந்தது. வீட்டில் கோழி கொதிக்கும்போதெல்லாம் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். கரண்டியை ஊதி, ஆறவைத்து, என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, உப்புச் சரியா என்று கேட்பாள். இந்த வீட்டில் என்னைப்போல உப்புப் பார்க்க யாராலும் முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.