ராகு காலத்தில் கேட்ட பாட்டு

2009 கோடை. புலம்பெயர்ந்து வந்து தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் நடத்திய மளிகைக் கடையின் மின்னஞ்சலுக்கு ஒரு பணக்கார விதவை எழுதியிருந்தார். சாகக் கிடக்கிறாராம், பிள்ளைகள் இல்லையாம், கடவுள்தான் என் பெயரைக் காட்டினாராம். சொத்து முழுவதையும் என் மூலம் ஏழைகளுக்குக் கொடுப்பாராம். வழக்கறிஞர் கட்டணத்தை மட்டும் நான் முதலில் அனுப்ப வேண்டும்.

போர் முடிந்து வன்னி அகதி முகாமில் இருந்த தங்கை குடும்பத்துக்காகச் சேர்த்த காசு கையில் இருந்தது. அது பெருகி வந்தால் முகாமில் எத்தனை பேருக்கு உதவலாம் என்று மனம் பறந்தது. வெள்ளிக்கிழமை காலை பணம் அனுப்பப் புறப்பட்டேன்.

"இஞ்சரப்பா, இப்ப ராகு காலம். முடியட்டும், பிறகு போவம்," என்று கணவர் மறித்தார்.

எரிச்சலோடு கல்லாவில் உட்கார்ந்தேன். பக்கத்து சலூனில் வேலை செய்யும் நைஜீரியப் பெண் ஃபுன்மி வாழைக்காய் வாங்க வந்தாள். அவள் போனில் ஒரு நகைச்சுவைப் பாட்டு. ஓர் ஆண், பெண் குரலில் பொய்யாக அழுகிறான்: "நான் சாகப் போகிறேன், பிள்ளைகள் இல்லை, கடவுள்தான் உன் பெயரைக் காட்டினார்!" பிறகு சொந்தக் குரலில், "கட்டணத்தை அனுப்பு" என்று கும்மாளம் போடுகிறான்.

யார் இவன் என்று கேட்டேன்.

"மின்னஞ்சல் திருடன் வேஷம். எங்கள் ஊரில் எல்லாரும் சிரிப்பார்கள். இதை இன்னும் யாராவது நம்புகிறார்களா என்ன?" என்றாள்.

அன்று மத்தியானமே காசு தங்கைக்குப் போனது.

இப்போது பணம் கேட்டு வரும் எந்த மின்னஞ்சலையும் அதே அழுகுரலில் கணவருக்குப் படித்துக் காட்டுகிறேன். சிரிப்பு வந்தால் உடனே அழித்துவிடுவோம். ராகு காலம்தான் காப்பாற்றியது என்கிறார் அவர். ஓம் என்று தலையாட்டுகிறேன். ஆனால் ராகு காலம் பார்க்காமல் கடைக்கு வந்தவள் ஃபுன்மி.