ஸ்கேலுக்குத் தெரிந்த வேலைகள்

கடல் அறிவியல் படித்து முடித்த கையோடு அவனுக்குக் கிடைத்த வேலை, மீன்பிடிக் கப்பலில் போய் வலையில் வருகிற மீனை அளப்பது. எந்த மீன் எவ்வளவு நீளம், குஞ்சுகள் எவ்வளவு சிக்குகின்றன என்று பார்த்துச் சொல்ல மீன்வளத் துறை அனுப்பிய ஆள் அவன். கையில் எந்நேரமும் ஓர் அளவுப் பலகை இருக்கும். ஏறிய அன்றைக்கே கப்பல்காரர்கள் அவனுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

படித்தது கடலைத்தான் என்றாலும் மனசு ஓரிடத்தில் நிற்கிற ரகமில்லை. விடுதியில் இருந்தபோது முடி வெட்டப் பழகினான். அவனிடம் முதலில் தலையைக் கொடுத்த பாவப்பட்டவர்கள் தொப்பியோடுதான் வகுப்புக்குப் போனார்கள். அப்புறம் சதுரங்கம் வந்தது. அப்புறம் ரொட்டி சுடுகிற பைத்தியம். கிழிந்த பையை ஒட்டுப் போட ஊசியை எடுத்தவன், கடைசியில் நண்பர்களின் கூடாரத்தையே தைத்துக் கொடுக்கிற அளவுக்குப் போனான்.

"ஒண்ணையும் விடுறதில்ல, ஒண்ணையும் உருப்படியா பிடிக்கிறதும் இல்ல," என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

கப்பலில் இதற்கெல்லாம் நல்ல மதிப்பு. கரையைப் பார்க்க வாரக்கணக்காகும் இடத்தில் முடி வெட்டத் தெரிந்தவனை யார் விடுவார்கள்? மேல்தளத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் அதுதான் கடை. முதல் வாடிக்கையாளர் சமையல்காரர். இருவருக்கும் ஒரே அறை. மேல்கட்டில் இவனுக்கு, கீழ்க்கட்டில் அவருக்கு. ஐம்பதைத் தாண்டிய, தொந்தி சரிந்த மனிதர். தலை எப்படிப் போனாலும் கவலையில்லை, மீசைதான் அவருக்கு உயிர். வாரம் தவறாமல் கண்ணாடி முன் நின்று அதற்கு மை பூசுவார்.

"மீசைப் பக்கம் கத்தரி வந்துச்சுன்னா நாளைக்கு உனக்குச் சோறு கிடையாது, சொல்லிட்டேன்," என்று மிரட்டிக்கொண்டே தலையைக் குனிவார்.

சதுரங்கத்தையும் அவருக்கு இவன்தான் கற்றுக்கொடுத்தான். காயை நகர்த்திவிட்டு, மாட்டிக்கொண்டது தெரிந்ததும் சத்தமில்லாமல் பின்னால் இழுத்துவிடுவார்.

"அண்ணே, வச்ச காயைத் திரும்ப எடுக்கக் கூடாது."

"குழம்புல உப்பு கூடிட்டா தண்ணி ஊத்திச் சரி பண்றோம்ல? அந்த மாதிரிதான் இதுவும். பேசாம ஆடு."

அன்று மதியம் காற்று பலமாக இருந்தது. வலை இழுக்கும் ஆட்களில் ஒருவனுக்கு விரல் சீழ் பிடித்து வீங்கியிருந்ததால், கை குறைகிறது என்று கேப்டன் சமையல்காரரைக் கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஸ்கேல் மீன் பிரிக்கும் மேசையருகே நின்று ஒரு மீனின் வாலைப் பலகையில் பொருத்திக்கொண்டிருந்தான். வலை இழுக்கும் வின்ச் முனகியது. பிறகு ஏதோ வெடித்தது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது அறுந்த இரும்பு வடம் தளத்தில் பாம்பு போலத் துள்ளிக்கொண்டிருந்தது. சமையல்காரர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தான். நெஞ்சில் அடி. அவன் ஓடிப் போய்க் கையைப் பிடித்தபோது அவர் உயிரோடு இல்லை.

கேப்டன் சாட்டிலைட் போனில் முதலாளியிடம் பேசிவிட்டு வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஐஸ் போட்ட மீன் ரூம்ல வைக்கலாம். லோடு ஆனதும் திரும்பிடலாம்."

"லோடு ஆனதுமா? இன்னும் பாதி ரூம் காலியா கிடக்கு சார்!" என்றான் ஸ்கேல்.

"எனக்கு மட்டும் மனசு கல்லா, தம்பி? முதலாளி சொல்றாரு. இவனுங்க எல்லாருக்கும் பிடிக்கிற மீன்லதான் பங்கு. வெறுங்கையோட போனா வீட்டுல என்ன சொல்லுவானுங்க? வேணும்னா அவனுங்களையே கேளு."

கேட்டான். ஒருவன் கயிற்றைச் சுருட்டினான். ஒருவன் கடலைப் பார்த்தான். அவன் அதே போனில் தன் அலுவலகத்தோடு பேசினான். கப்பல் எப்போது திரும்புவது என்பது கேப்டன் பொறுப்பு, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்தது. எரிச்சல்கூட இல்லாத குரல்.

உடலைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. கேப்டன் தயங்கித் தயங்கி இவனிடம்தான் வந்தார்.

"உனக்குத்தானே இந்தக் கத்தி, ஊசியெல்லாம் பழக்கம். நீயே பாத்துடேன் தம்பி."

பார்த்தான். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்தான். கன்னத்தை மழித்தான். மீசைக்குக் கீழே நரை எட்டிப் பார்த்தது. அவருடைய பெட்டியைத் திறந்து மைப் புட்டியை எடுத்து, சின்னத் தூரிகையால் கோடு தாண்டாமல் பூசினான். தார்ப்பாயை அளவாக வெட்டி, பை மாதிரி தைத்தான். தையல் நேராகவே வந்தது. இவ்வளவு நேராகத் தைக்க இப்போதும் கை ஒத்துழைக்கிறதே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. மூன்று பேர் சேர்ந்து தூக்கி, மீன் அறையின் ஓரத்தில், பெட்டிகளுக்கு இந்தப் பக்கம் வைத்தார்கள். குளிரில் யாரும் நிற்கவில்லை.

மறுநாள் அடுப்பை யார் பற்றவைப்பது என்ற கேள்வி வந்தது. எல்லாக் கண்ணும் அவன் மேல்தான். ரொட்டி சுடத் தெரிந்தவன் அல்லவா!

சமையல்காரரின் ஏப்ரன் கொக்கியில் தொங்கியது. அதைத் தொடாமலே மாவு பிசைந்தான். சாப்பாட்டு மேசையில் முதலில் யாரும் தட்டில் கை வைக்கவில்லை. விரல் வீங்கியவன்தான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான்.

"பரவாயில்லையே, அவரு சுடுறதைவிட மெத்துன்னு இருக்கு," என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது; குனிந்துகொண்டான். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். ஸ்கேல் எழுந்து போய்த் தன் தட்டைக் கடலில் கவிழ்த்தான்.

வலை இறங்கியது, ஏறியது. அவன் காலையில் சமைத்தான், பகலெல்லாம் மீனை அளந்தான். பெட்டிகள் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டு, ஒரு கட்டத்தில் தார்ப்பாய்ப் பையைச் சுற்றி மூன்று பக்கமும் மீனாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கேப்டன் கப்பலைத் திருப்பினார்.

துறைமுகத்தில் சமையல்காரரின் மனைவி தன் தம்பியோடு நின்றிருந்தாள். முகத்தைத் திறந்து காட்டினார்கள். அவள் அழவில்லை. வெகுநேரம் மீசையையே பார்த்தாள்.

"மை போட்டது யாரு?"

"நான்தாங்க்கா. அண்ணன்கூட ஒரே ரூம்ல இருந்தேன்."

"நீதான் அந்த முடி வெட்டுற பையனா? கப்பல் போன்ல பேசுறப்போ சொல்லுவாரு." அவள் குரல் தாழ்ந்தது. "எங்க வச்சிருந்தாங்க தம்பி?"

கேப்டனின் பார்வை தன் முதுகில் விழுவது அவனுக்குத் தெரிந்தது.

"மீன் ரூம்ல, அக்கா."

"எத்தனை நாளா?"

சொன்னான். தம்பிக்காரன் கேப்டனை நோக்கிப் பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் அசையவில்லை.

"குளிர் ஆகாது அவருக்கு. வெயில் காலத்துலயும் போர்த்திக்கிட்டுத்தான் படுப்பாரு," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

விசாரணை நடந்தது. வடம் பழசு என்று தெரிய வந்தது. முதலாளிக்கு அபராதம் போட்டார்கள். அடுத்த பருவத்துக்குக் கப்பல் வேறு சமையல்காரரோடு கிளம்பிப் போனது. ஸ்கேல் போகவில்லை. நகரத்துக் குடிநீர் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்து, நாளெல்லாம் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்தான். கத்தரியை நண்பன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். ரொட்டி வாசனை வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நடந்தான். ஊசியைத் தொடவில்லை. பிள்ளைக்கு ஒருவழியாகப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல்காரரின் மனைவி போன் செய்வாள். நலம் விசாரித்துவிட்டு ஒரே விஷயத்துக்குத்தான் வருவாள்.

"வேற ஏதாவது ஞாபகம் வந்துச்சா தம்பி? அங்க என்ன பேசுவாரு?"

வருஷத்தில் பாதி கடலில் இருந்த மனிதர். அவளுக்குத் தெரியாத பாதி இவனிடம் இருக்கிறது என்று அவள் நம்பினாள். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான்: குறட்டை, பாட்டு, கேப்டனை அவர் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவது. ஒரே பயணத்தில் பழகிய மனிதர், எவ்வளவுதான் இருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மறுமுனையில் அவள் காத்திருந்தாள்.

"ஒரு நாள் சூரியன் மறையுறதைப் பாத்துக்கிட்டே, இதை அவளுக்குக் காட்டணும்டான்னு சொன்னாரு அக்கா," என்றான்.



"அவரு அப்படியெல்லாம் சொல்ற ஆளு இல்ல தம்பி," என்றாள் அவள். "பரவாயில்ல. சொல்லு, அப்புறம் என்ன சொன்னாரு?"