குண்டுக்கு முன்னால் கற்பூரம்

வெடித்து முடிந்த குண்டுக்குப் பயந்து ஓடியவன் எங்கள் களமருதூரில் நான் ஒருவன்தான்.

வங்கதேசப் போர் முடிந்து ஊர் திரும்பிய சித்தப்பா, தன் பீரங்கி சுட்ட குண்டின் பித்தளை உறையைக் கொண்டுவந்திருந்தார். முழங்கால் உயரம். கூட நின்று சுட்ட சிப்பாய்கள் அதில் ஆணியால் கையெழுத்துக் கீறியிருந்தார்கள். இந்தி, பஞ்சாபி, மலையாளம். நடுவில் சித்தப்பாவின் தமிழ், கோணல்மாணலாக. ஊரே வந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "உள்ள இன்னும் மருந்து கீதுடா. வெடிச்சா திருக்கோவிலூர் வரைக்கும் ஒண்ணும் மிஞ்சாது" என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டேன். சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன்.

ஆயுதபூசை வந்தது. கலப்பை, மண்வெட்டி, கரும்பு வெட்டும் கத்தி வரிசையில் குண்டையும் நிறுத்தி, பொட்டு வைத்து, அதன் வாயில் கோழிக்கொண்டைப் பூவைச் செருகினாள் அம்மா. அப்பா சரியாக அதன் காலடியில் கற்பூரத்தை ஏற்றினார்.

மேலே பூ, கீழே நெருப்பு, நடுவில் என் மருந்து. வயிறு கலக்கியது. கலக்கினால் செம்பும் தண்ணீருமாகக் கரும்புக்கொல்லைக்கு ஓடுவதுதான் வழக்கம். கைக்கு அகப்பட்டது பூசைச் செம்பு. தூக்கிக்கொண்டு ஓடினேன். கலப்பை தடுக்கியது. செம்புத் தண்ணீர் மொத்தமும் கற்பூரத்தின் மேல்.

"பாவி! சாமிக்கு ஏத்துனத அணைச்சிட்டியேடா!" அம்மா கையை ஓங்கினாள்.

"அடிக்காதீங்க அண்ணி!" சித்தப்பா குறுக்கே வந்தார். "குண்டு வெடிச்சிடப் போவுதுன்னு எல்லாரையும் காப்பாத்தத் தண்ணி தூக்கிக்கினு வந்துகிறான் பாருங்க. நம்ம வூட்டுல அடுத்த மிலிட்டரிக்காரன் இவன்தான்!"

நான் மறுக்கவில்லை. வயிறும் அந்த நேரத்தில் ஒத்துழைத்தது.

வீரத்துக்குப் பரிசாக ஓர் ஆணியைக் கொடுத்து, என் பெயரையும் குண்டில் கீறச் சொன்னார். கையெழுத்துகளுக்கு இடையில் உள்ளங்கை அகலத்துக்குக் காலியிடம் பளபளத்தது. ஆணியை அங்கே வைத்தேன்.

"அங்க வேணான்டா. அது எங்கூட சுட்ட இன்னொருத்தனோட எடம்."

"அவரு இன்னாத்துக்குப் போடல?"

"எல்லாரும் கையெழுத்துப் போட்டப்ப அவன் இல்ல."

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதன் எங்கே போயிருப்பான் என்று எனக்கா தெரியாது?

"அவரும் செம்பத் தூக்கிக்கினு ஓடிட்டாரா சித்தப்பா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் துண்டு நுனியால் அந்தக் காலியிடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே பளபளத்த இடத்தை இவர் ஏன் இன்னும் துடைக்கிறார் என்று, ஆணியும் கையுமாக நின்ற எனக்கு அலுப்பாக இருந்தது.