தம்பிக்குத் தெரிந்த ஒரே நம்பர்

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு என் வீட்டு கேட் தட்டப்பட்டது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் வசந்தா. கையில் செல்போன். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அண்ணா, நீங்க சனிக்கெழமைன்னுதானே சொன்னீங்க? இது இப்பவே செத்துப் போச்சிண்ணா.”

வாங்கிப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. ‘நோ சர்வீஸ்’ என்று மட்டும் இருந்தது.

எது நடந்தாலும் மணி பார்த்துக் குறித்துக்கொள்வது என் பழக்கம் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அன்றும் குறித்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த போன் செத்ததற்குக் காரணம் நான்.

வசந்தா சித்தூரில் எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கிறார். சொந்த ஊர் நகரிப் பக்கம். கணவர் முனிரத்தினம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் சரக்கு டெம்போ ஓட்டுகிறார். வசந்தாவின் தம்பி குமார் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர்.

வசந்தா வைத்திருக்கும் நம்பர், உண்மையில் குமாருடையது. இங்கே இருந்தபோது அவன் வாங்கியது. விலாசத்துக்கு ரேஷன் கார்டு கேட்டார்கள் என்பதால் மாமா முனிரத்தினத்தின் பேரில் வாங்கினான், அவ்வளவுதான். விமானம் ஏறப் போகும்போது சிம்மைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னானாம் — “எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தாங்கா. இத மட்டும் வுட்டுடாதே.”

விடவில்லை. ஆனால் குமார் அந்தக் காலத்தில் கெத்தாக போஸ்ட்பெய்டு வாங்கியிருந்தான். பேசினாலும் பேசாவிட்டாலும் மாத வாடகை. வசந்தா யாரையும் கூப்பிடுவதில்லை. வருகிற போனை எடுப்பதோடு சரி. அதற்கே மாதாமாதம் ஆறு ஜாக்கெட் தைத்த கூலி பில்லுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை, குமார் பேசுவான். அங்கே அன்றுதான் விடுமுறை. முதலாளி வீட்டார் தொழுகை முடிந்து சாப்பிட உட்காரும் நேரம் அவனுக்கு ஓய்வு. நம் கடிகாரத்தில் மூன்றரையிலிருந்து நாலரைக்குள்.

கார்த்திகை தீபம் கழிந்த வெள்ளிக்கிழமை பேசியவன், “இந்த வீட்ட வுட்டு வேற எடத்துக்குப் போறேங்கா. போனு இவங்களுது, குடுத்துட்டுத்தான் போவணும். போய்ச் சேர்ந்து அடிக்கிறேன்” என்றான்.

அதற்கப்புறம் போன் இல்லை.

ஒரு வெள்ளி. இரண்டு. மூன்று... ஐந்து வெள்ளிக்கிழமைகள் போயின. வசந்தா வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மிஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டார். தையல் சத்தத்தில் போன் மணி கேட்காமல் போய்விடுமாம்.

இந்த நேரத்தில்தான் நான் நுழைந்தேன்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி வந்திருக்கிறதே... அதை நான் ஒரு மாதம் முன்பே செய்துகொண்டேன். பில் பாதியானது. அந்தப் பெருமையில் தெருவுக்கே பிரசாரம் செய்துகொண்டிருந்தேன். வசந்தாவிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“அது கம்பெனிக்காரன் நம்பராச்சே. இன்னொரு கம்பெனிக்காரனுக்கு எப்பிடிண்ணா தூக்கிக் குடுப்பான்? எங்க ஊர்ல பக்கத்து வயக்காரன் வரப்ப ஒரு சாண் தள்ளிக் குடுக்க மாட்டான்.”

நியாயமான கேள்வி. “சட்டம் போட்டிருக்காங்கம்மா, குடுத்துத்தான் ஆகணும்” என்றேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் கடையில் விண்ணப்பம் கொடுத்தோம். புது சிம்மைக் கையில் கொடுத்த கடைக்காரர், “ஏழு வர்க்கிங் டேஸ் படுதுந்தி சார். செலவு ரோஜுலு லெக்கலோகி ராவு” என்றார். அதாவது, ஏழு வேலை நாள் பிடிக்கும், விடுமுறை நாள் கணக்கில் வராது. ஏழாவது நாள் பழைய சிம் செத்துப்போகும். சில மணி நேரம் எந்தப் பக்கமும் சிக்னல் இருக்காது. பிறகு புது சிம் உயிர் பெறும்.

“எந்த நாளா வேணா இருக்கட்டும்ணா. வெள்ளிக்கெழம மட்டும் வேணாம்” என்றார் வசந்தா.

அதைக் கணக்கிடும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். தேதி விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? என் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். புதன் பொங்கல் — சிவப்பு. வியாழன் மாட்டுப் பொங்கல் — சிவப்பு. வெள்ளி காணும் பொங்கல் — சிவப்பு. செவ்வாய் போகி, காலண்டரில் கறுப்பாக இருந்தது. ஆனால் ஆந்திராவில் போகிக்கு லீவு என்பது எனக்குத் தெரியுமே... பேனாவால் அதையும் அடித்தேன். ஏழாவது வேலை நாள் சனிக்கிழமை!

“வெள்ளிக்கிழமை ஆபீசே கிடையாது. நிம்மதியா இருங்க” என்றேன்.

எங்கே தப்பு? அந்தக் காலண்டர் வேலூரில் ஒரு ஜவுளிக் கடையில் கொடுத்தது. காணும் பொங்கல் தமிழ்நாட்டு லீவு. ஆந்திராவில் கனுமாவோடு, அதாவது மாட்டுப் பொங்கலோடு, சரி. மறுநாள் ஆபீஸ் உண்டு. ஆந்திராவின் லீவைச் சேர்க்கத் தெரிந்த எனக்குத் தமிழ்நாட்டின் லீவைக் கழிக்கத் தெரியவில்லை. இங்கே வாழ்ந்து, அங்கே இருந்து வரும் காலண்டரில் நாள் பார்க்கிற எங்களைத் தவிர வேறு யாரால் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்?

வியாழக்கிழமையே எச்சரிக்கை வந்திருக்கிறது. இங்கிலீஷில் ஒரு மெசேஜ். பொங்கல் விளம்பரம் என்று நினைத்து வசந்தா அழித்துவிட்டார்.

சரி, ஆனது ஆயிற்று. புது சிம்மைப் போட்டுவிட்டால் மூன்றரைக்குள் உயிர் வந்துவிடாதா?

“சிம் எங்கேம்மா?”

“அவருகிட்ட கீது.”

“அவர் எங்கே?”

“திருப்பதி போயிருக்காரு. சிம்மு டெம்போவுல சாமி படத்துக்குப் பின்னால கீது. ஊட்டுக்குப் புதுசா எது வந்தாலும் கொஞ்ச நாளு அங்க வெச்சிட்டுத்தான் எடுப்பாரு. நீங்கதான் சனிக்கெழமன்னு சொன்னீங்களே...”

முனிரத்தினத்தை என் போனில் பிடித்தேன்.

“வெங்காய லோடு எறக்கிக்கினு கீறேன் சார். திரும்பி வர லோடு மூணு மணிக்கு மேலதான் ஏத்துவானுங்க. சித்தூர் வந்து சேர ஆறாயிடும்.”

ஆறு மணிக்கு வந்து என்ன செய்வது? நாங்கள் கிளம்பினோம்.

பொங்கல் கூட்டம். பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. வசந்தா செத்த போனைக் கையிலேயே பிடித்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தார்.

“அண்ணா, இப்ப அவன் அடிச்சான்னா அங்க இன்னா கேக்கும்?”

“தொடர்பு கொள்ள முடியவில்லைன்னு ஒரு குரல் சொல்லும்.”

“அத கேட்டுட்டு, அக்கா நம்பர வுட்டுட்டான்னு நெனச்சிக்குவானே. அப்பறம் எங்க அடிப்பான்?”

சந்திரகிரியில் உட்கார இடம் கிடைத்தது.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. என் அப்பா டெலிபோனுக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர். கடைசியில் லைன் வந்த அன்று ஆபீசுக்கு லீவு போட்டு, கருவிக்கு மாலை போட்டார். வீடு மாற்றியபோது நம்பரை எடுத்துக்கொண்டு போக முடியாது என்றார்கள். யாரும் கோபப்படவில்லை. நம்பர் என்பது சர்க்கார் சொத்து, நமக்கு இரவல். அப்படித்தான் நம்பினோம். அந்த மனிதரின் மகன், தையல்காரம்மாவிடம், ‘உங்கள் நம்பர், நீங்கள் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்’ என்று அளக்கிறான். காலம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது... நானும் கூடவே வந்தேனா என்பதுதான் சந்தேகம்.

திருப்பதி மார்க்கெட்டில் டெம்போவைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்று நாற்பது. முனிரத்தினம் காலி சாக்கின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க சார், துன்னுட்டு அப்பறம் பாக்கலாம். வசந்தா, நீ துன்னியா?”

“மொதல்ல சிம்ம எடுய்யா சாமி.”

படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தார். குங்குமம் ஒட்டியிருந்தது. “பாத்தியா, எவ்வளவு பத்திரமா கீது” என்றார் பெருமையாக.

“சாமிக்கு எதுக்குய்யா சிம்மு? அவரு யாருக்கு போன் பண்ணப் போறாரு?” என்றபடி முந்தானையில் துடைத்தார் வசந்தா.

போட்டோம். ‘நோ சர்வீஸ்’.

அணைத்து மறுபடி போட்டோம். இல்லை. இரண்டரை. மூன்று. லோடு ஏற்றுகிறவர்கள் வந்து மூட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்கள். மூன்றரை ஆனது, போன் வரும் நேரம் தொடங்கிவிட்டது. வசந்தா டெம்போவின் நிழலில், கீழே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

“பழைய கம்பெனிக்காரன் கைய வுட்டுட்டான். புதுக் கம்பெனிக்காரன் இன்னும் கைய நீட்டல. நடுவுல இப்ப நம்பரு எங்க கீது சார்?”

வாசகர்களே, நான் கொஞ்சம் படித்தவன். படித்ததையெல்லாம் குறித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என் குறிப்பு எதிலும் இல்லை. நம்பர் எங்கே இருக்கிறது? போனில் இல்லை. சிம்மில் இல்லை. பழைய கம்பெனியிடம் இல்லை, புதியவனிடமும் இல்லை. பத்து எண்கள், யாருக்கும் சொந்தமில்லாமல், ஆகாயத்தில் எங்கேயோ... அந்த நேரத்தில் அது முழுசாக இருந்த ஒரே இடம், குவைத்தில் ஒரு டிரைவரின் ஞாபகம்தான்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு கோடு வந்தது. பிறகு இரண்டு. திரையில் புதுக் கம்பெனியின் பேர்.

“நான் ஒரு தடவை அடிச்சுப் பாக்கவா?” என்றேன்.

“வேணாம்ணா. அந்த நேரம் பாத்து அவன் அடிச்சிட்டா?”

நாலு மணி. நாலு ஐந்து. லோடு ஏற்றி முடித்தவர்கள் டெம்போவை எடுக்கச் சொன்னார்கள். முனிரத்தினம் ஏதோ கயிறு சரியில்லை என்று அவிழ்த்து, திரும்பக் கட்டினார். கயிறு நன்றாகத்தான் இருந்தது.

நாலு பதினொன்றுக்கு போன் அடித்தது. ஏதோ நீளமான வெளிநாட்டு நம்பர்.

வசந்தாவுக்குக் கை ஓடவில்லை. முனிரத்தினம்தான் பட்டனை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா?”

“ஏண்டா...” என்று ஆரம்பித்தவர், “துன்னியாடா?” என்றார்.

“துன்னேங்கா. பாகா கீறேன், ஒரு கொறையுமில்ல. புது எடத்துல இன்னும் போன் வாங்கித் தரல. ரூம்ல கடப்பாக்காரரு ஒருத்தரு, இன்னிக்கித்தான் அவரு போன குடுத்தாரு.”

அந்தக் கடப்பாக்காரரின் போனிலிருந்து கிளம்பிய அழைப்பு கடலைத் தாண்டி, இந்தியாவுக்குள் வந்து, ‘இந்த நம்பர்காரி எங்கே’ என்று விசாரித்திருக்கிறது. ‘எங்களிடமிருந்து போய்விட்டார், அடுத்த கம்பெனியில் பாருங்கள்’ என்று பதில் கிடைத்திருக்கிறது. ஒருவர் விளம்பரப் பலகைமேல் இன்னொருவர் போஸ்டர் ஒட்டுகிற போட்டிக்காரர்கள், ஒரு தையல்காரம்மாவுக்காக இந்த விஷயத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை. புதுக் கம்பெனிக்கு அவர் வந்து சேர்ந்து பத்தொன்பது நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் திருப்பதி மார்க்கெட்டில், வெங்காயத் தோல் மேல் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்துவிட்டது. நான் வீடு மாறி இத்தனை நாளாகிறது... சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகை இன்னும் பழைய விலாசத்துக்குத்தான் போகிறது.

குமார் பேசிக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கின்னு பொய் சொன்னேங்கா, போன வாரமே இவரு போன் குடுத்தாரு. நான்தான் அடிக்கல. பயமா இருந்திச்சி.”

“அக்காவுக்கு அடிக்க இன்னாடா பயம்?”

“பில்லு கட்டி மாளலன்னு நீ நம்பர வுட்டிருந்தீன்னா? அடிச்சி, இல்லன்னு தெரிஞ்சிட்டா, அதுக்கப்பறம் எனக்குன்னு ஒரு நம்பரும் இல்லியே. அடிக்காம இருந்தா, இருக்குதுன்னு நெனச்சிக்கினாவது இருக்கலாம்ல.”

முனிரத்தினம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும்.

வசந்தா மூக்கை உறிஞ்சினார். “உன் நம்பர்டா அது. எங்க போவும்?”

பதினோரு நிமிடம் பேசினார்கள். என்ன சமைத்தாய், யார் வந்தார்கள், நகரியில் யாருக்குக் கல்யாணம்... வைத்த பிறகு முனிரத்தினம் கேட்டார்.

“கம்பெனி மாத்தினத அவங்கிட்ட சொல்லவே இல்லியே?”

வசந்தா போனை இடுப்பில் செருகிக்கொண்டு டெம்போவில் ஏறினார்.

“அவனுக்கு இன்னாய்யா மாறிச்சி, சொல்றதுக்கு?”